தூதரகத்தின் பயனை எப்படி அளப்பது?

இரு நாட்டு அமைச்சர்கள் காணொளியில் நேருக்கு நேர் பேசிக்கொள்ளும் காலத்தில், வெளிநாட்டுத் தலைநகரங்களில் கட்டடமும் காவலும் ஊழியர்களுமாகத் தூதரகங்களை நடத்துவது செலவுக்கு ஏற்ற பயனைத் தருகிறதா, அதை எவராலும் அளந்து சொல்ல முடியுமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். ஓரளவுக்கு அளக்க முடியும். அந்த அளவுக்குள் அடங்கியிருக்கும் புள்ளியியல் நுட்பம், என்னைப் பொறுத்தவரை, பொருளியலின் மிக அழகான சிந்தனைகளில் ஒன்று.

அரசுச் செலவை ஆராய்கிற தணிக்கையாளர்கள் மூன்று கேள்விகளைக் கேட்பது வழக்கம். பிரிட்டனின் 1983-ஆம் ஆண்டுத் தேசியத் தணிக்கைச் சட்டத்திலேயே இந்த மூன்றும் இடம்பெற்றுள்ளன. வாங்கியதைக் குறைந்த விலைக்கு வாங்கினார்களா என்பது சிக்கனம். வாங்கியதைக் கொண்டு எவ்வளவு வேலை செய்தார்கள் என்பது செயல்திறன். அந்த வேலையால் நோக்கம் நிறைவேறியதா என்பது பயன்விளைவு.

முதல் இரண்டையும் கணக்கேடுகளைக் கொண்டே பெருமளவு முடித்துவிடலாம், ஆனால் அவற்றிலும் கண்ணி உண்டு. கடவுச்சீட்டைத் தொலைத்துவிட்டு நள்ளிரவில் அழைக்கும் பயணிக்கு அவசரப் பயண ஆவணம் வழங்க ஓர் அதிகாரிக்கு இரண்டு மணி நேரம் பிடிக்கிறது என்றால், அந்த இரண்டு மணி நேரச் சம்பளம் மட்டுமே அதன் செலவாகிவிடாது. கட்டட வாடகையிலும் காவலர் ஊதியத்திலும் பாதுகாக்கப்பட்ட தகவல்தொடர்பிலும் எத்தனை பங்கை அந்த ஆவணத்தின் மேல் ஏற்றுகிறோம் என்பதைப் பொறுத்து அதன் அடக்கவிலை பல மடங்கு மாறும். நாணய மாற்று விகிதம் இன்னொரு சிக்கல். 2008-இல் பவுண்டின் மதிப்பு சரிந்தபோது, மாற்று விகித இழப்பை ஈடுசெய்துவந்த ஏற்பாடு அதற்குச் சற்று முன்புதான் விலக்கப்பட்டிருந்ததால், பிரிட்டனின் தூதரகங்கள் எதையும் கூடுதலாக வாங்காமலேயே அவற்றின் செலவு உயர்ந்தது.

மூன்றாவது கேள்விதான் கடினமானது. தூதரகம் ஏற்றுமதியைப் பெருக்குகிறது என்று வெளியுறவு அமைச்சகங்கள் சொல்வதைச் சோதிக்க விரும்பினால், தூதரகம் உள்ள நாடுகளோடு வணிகம் அதிகமாக இருக்கிறதா என்று பார்ப்பது போதாது. வணிகம் செழித்த இடத்தில்தான் அரசுகள் தூதரகத்தைத் திறக்கின்றன. குடைகள் விரிந்ததால்தான் மழை பெய்தது என்று சொல்கிற தவறு இங்கே மிக எளிதாக நேர்ந்துவிடும்.

இதற்கு முதலில் தேவைப்படுவது, தூதரகமே இல்லாவிட்டால் அந்த இரு நாடுகளுக்கிடையே எவ்வளவு வணிகம் நடந்திருக்கும் என்ற மதிப்பீடு. டச்சுப் பொருளியலாளர் யான் டின்பெர்கன் 1962-இல் முன்வைத்த ஈர்ப்பு மாதிரி இதற்கு உதவுகிறது. நியூட்டனின் விதியில் நிறையும் தொலைவும் வரும் இடத்தில், இதில் இரு நாடுகளின் பொருளாதார அளவும் அவற்றுக்கிடையேயான தொலைவும் வருகின்றன. பொதுமொழி, பொது எல்லை, காலனிய உறவு ஆகியவற்றையும் சேர்த்துக்கொண்டால், இரு நாட்டு வணிகத்தை இச்சமன்பாடு வியக்கத்தக்க அளவுக்குச் சரியாகக் கணிக்கிறது. கணிப்புக்கும் உண்மைக்கும் இடையே மிஞ்சும் வேறுபாட்டில்தான் தூதரகத்தின் தடத்தைத் தேட வேண்டும்.

அதன் பிறகும் காரணம் எது, விளைவு எது என்ற ஐயம் முழுதாக நீங்குவதில்லை. பொருளியலாளர் ஆண்ட்ரூ ரோஸ் 2007-இல் வெளியிட்ட ஆய்வு இங்கே கையாண்ட வழிதான் என்னைக் கவர்ந்தது. 22 பெரிய ஏற்றுமதி நாடுகளையும் அவற்றின் பொருள்களை வாங்கும் சுமார் 200 நாடுகளையும் எடுத்துக்கொண்ட அவர், தூதரக எண்ணிக்கையை உயர்த்தக்கூடிய, ஆனால் வணிகத்தை நேரடியாக உயர்த்தாத புறக்காரணங்களைத் தேடினார். நிலத்தடியில் எண்ணெய் வளம் மிகுந்த நாட்டில் அரசியல் காரணங்களுக்காகவே பல அரசுகள் ஆட்களை அமர்த்தும். வாழ்வதற்கு இனிமையான நகரத்தில் பணியிடங்கள் குறைவது அரிது. இத்தகைய காரணங்களால் மட்டும் கூடிய தூதரகங்களைத் தனியே பிரித்தெடுத்து, அந்தக் கூடுதலோடு ஏற்றுமதியும் கூடுகிறதா என்று பார்த்தால், வணிகம் தூதரகத்தை இழுத்த பங்கு கணக்கிலிருந்து கழிந்துவிடும். இத்தகைய புறக்காரணத்தைப் புள்ளியியலாளர்கள் கருவி மாறி என்கிறார்கள். எவரும் பரிசோதனைக் கூடத்தில் தூதரகங்களை நட்டுப் பார்க்கவில்லை. ஆனாலும் உலகம் தானாகவே நடத்திவைத்த ஒரு பரிசோதனையை அவர் கண்டெடுத்துவிட்டார்.

கூடுதலாக ஒவ்வொரு துணைத் தூதரகத்துக்கும் ஏற்றுமதி சுமார் 6 முதல் 10 விழுக்காடு வரை உயர்வதாகவும், முதன்முதலாகத் தூதரகம் அமைவதன் விளைவு அதைவிடப் பெரியது என்றும் ரோஸ் கண்டார். எண்ணெய் வளம் வேறு வழிகளில் வணிகத்தைத் தொடாது என்று உறுதியாகச் சொல்ல முடியுமா என்ற ஐயம் எனக்கு இருக்கிறது. நாட்டின் வருமானத்தைச் சமன்பாட்டில் ஏற்கெனவே சேர்த்துவிட்டதால் அந்த ஐயம் குறைகிறதே தவிர, மறைவதில்லை.

ஏற்றுமதி உயர்வை அப்படியே பயன் என்று எழுதிவிடவும் கூடாது. ஆண்டுக்கு 1,000 கோடி ஏற்றுமதியாகும் நாட்டில் 5 கோடி செலவில் ஒரு துணைத் தூதரகம் திறந்து, ஏற்றுமதி 8 விழுக்காடு கூடியது என்று வைத்துக்கொள்வோம். கூடுதல் வணிகம் 80 கோடி. ஆனால் அப்பொருளைச் செய்த உழைப்பும் மூலதனமும் வேறெங்காவது பயன்பட்டிருக்கும் என்பதால், நாட்டுக்கு நிகரமாகச் சேர்வது அந்த 80 கோடியின் ஒரு சிறு பங்குதான். அப்பங்கு பத்தில் ஒன்று என்றால் 8 கோடி, செலவைத் தாண்டிவிடும். இருபதில் ஒன்று என்றால் 4 கோடி, தாண்டாது. புள்ளியியல் முடிவு மாறாமலே தீர்ப்பு தலைகீழாகிறது. விளம்பர அறிக்கைகளில் 80 கோடி மட்டுமே பெரிய எழுத்தில் வருவது எனக்கு வருத்தம் தருகிறது.

மேலும், தூதரகம் விற்பனை அலுவலகம் அல்ல. தூதரக உறவுகள் பற்றிய 1961-ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் 3-ஆம் பிரிவு, நாட்டைப் பிரதிநிதித்துவப்படுத்துதல், குடிமக்கள் நலன் காத்தல், பேச்சுவார்த்தை நடத்துதல், அந்நாட்டு நிலவரத்தை அறிந்து தெரிவித்தல், நட்புறவு வளர்த்தல் எனப் பல பணிகளைக் குறிப்பிடுகிறது. பொருளியலாளர்கள் பெங்ட் ஹோல்ம்ஸ்ட்ராமும் பால் மில்க்ரோமும் 1991-இல் கணித வடிவில் காட்டிய ஒரு முடிவு இங்கே அச்சுறுத்துகிறது: ஒருவர் செய்யும் பல வேலைகளில் அளக்க எளிதானவற்றுக்கு மட்டும் பலமான ஊக்கம் தந்தால், அளக்கக் கடினமானவற்றிலிருந்து அவரது உழைப்பு நகர்ந்துவிடும். விசாக்களையும் வணிகச் சந்திப்புகளையும் மட்டுமே எண்ணும் அமைச்சகத்தில், ஒரு நெருக்கடியை முன்கூட்டியே உணர்ந்து எழுத வேண்டிய அறிக்கை எழுதப்படாமலே போகக்கூடும். ஓசோன் படலத்தைக் காத்த 1987-ஆம் ஆண்டு மொன்ட்ரியல் நெறிமுறையின் பயனை எந்த ஒரு தூதரகத்தின் கணக்கிலும் எழுத முடியாது. ஆனால் அது பேச்சுவார்த்தையின் விளைவு என்பதை எவரும் மறுக்க முடியாது.

ஆகவே, வணிகத்தையும் குடிமக்கள் சேவையையும் தனித்தனியே எண்களால் அளந்து, பேச்சுவார்த்தைப் பணியை அனுபவமிக்க வெளியாட்களின் மதிப்பீட்டுக்கு விட வேண்டும். இவற்றை ஒரே மதிப்பெண்ணாகக் கூட்டுவதை நான் எதிர்க்கிறேன். எண்களால் அளக்கும் பகுதியையாவது நேர்த்தியாகச் செய்ய, ஆய்வுக்கென்று சிறிது பணம் ஒதுக்க வேண்டும். ஒரே அளவு தகுதியுள்ள பத்து நகரங்களில் துணைத் தூதரகம் திறக்க முடிவாகி, முதல் ஆண்டில் ஐந்துக்கு மட்டுமே நிதி இருக்குமானால், அந்த ஐந்தைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, மற்ற ஐந்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். பத்து நகரங்கள் என்பது சிறிய கூட்டம்தான் என்றாலும், பல ஆண்டுகளில் பல நாடுகளும் இவ்வாறு செய்து தரவுகளை வெளியிட்டால், எண்ணெய்க் கிணறுகளை வைத்து ஊகிக்கும் தேவை இல்லாமலே ரோஸின் கேள்விக்கு விடை கிடைக்கும்.