அடங்காத அழற்சியும் நிணநீர்ப் புற்றும்

பனங்கருக்குக் கீறிய காலைக் கவனிக்காமல் திரிந்தால் அரையில் நெறி கட்டும். யாழ்ப்பாணத்தில் இதற்காக யாரும் வைத்தியரிடம் ஓடுவதில்லை. புண் ஆற நெறியும் வற்றிவிடும். கிருமியை எதிர்க்க நிணநீர்க்கணுவில் பி கலங்கள் என்ற வெண்குருதிக் கலங்கள் பெருகியதால் வந்த வீக்கம் அது. பெருகச் சொல்பவை சைற்றோகைன்கள்: ஒரு கலம் சுரக்க, இன்னொரு கலம் ஏற்கும் சிறு புரதங்கள். இன்ரர்லூக்கின்-6, பி கலங்களைச் சாகவிடாமல் காக்கும் பாஃப் என்று பல உண்டு.

ஓய்வாக இருக்கும் கலத்துக்குள் என்.எஃப். கப்பா பி என்ற புரதத்தை வேறொரு புரதம் பிடித்து வைத்திருக்கும். சமிக்ஞை வந்ததும் பிடி விடும். என்.எஃப். கப்பா பி கலத்தின் கருவுக்குள் நுழைந்து, பெருகவும் உயிர்தப்பவும் வேண்டிய மரபணுக்களை இயக்கும். (1986இல் டேவிட் பால்ற்றிமோரின் ஆய்வுகூடத்தில் இது முதலில் அகப்பட்டதும் பி கலங்களில்தான்.) கிருமி தொலைந்தால் சமிக்ஞை நிற்கும், மிஞ்சிய கலங்கள் மடியும்.

நிற்காவிட்டால்தான் வில்லங்கம். பி கலம் இன்னும் பொருத்தமான பிறபொருளெதிரியை, அதாவது கிருமியைப் பிடிக்கும் புரதத்தை, செய்யத் தன் டி.என்.ஏ.யில் தானே கைவைக்கும். ஏ.ஐ.டி. என்ற நொதியம் அந்த வேலையைச் செய்கிறது. ஆண்டுக்கணக்கில் இது தொடர்ந்தால் எப்போதாவது பிழையான இடத்தில் வெட்டு விழும். புற்றுக்கு அது வழிவிடலாம்.

இதற்கு இரைப்பையை விட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை. அங்கே இயல்பாக நிணநீர் இழையமே இல்லை. ஹெலிகோபக்ரர் பைலோரி என்ற பக்ரீரியா குடியேறி அழற்சி நாட்பட்டால், ரி கலங்கள் என்ற இன்னொரு வகை வெண்குருதிக் கலங்களும் பி கலங்களும் வந்து சேரும். சிலருக்கு அதிலிருந்து மோல்ற் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்று உருவாகும். (காஸ்ரிக் என்று மருந்து எடுப்பவர்கள் பயப்பட வேண்டாம். இந்தக் கிருமி உள்ளவர்களிலும் மிகச் சிலருக்கே இது வரும்.) 1993இல் வதர்ஸ்பூன் என்ற ஆய்வாளரின் குழுவினர் இத்தகைய ஆறு நோயாளிகளுக்கு அன்ரிபயோட்டிக் கொடுத்துக் கிருமியை அழித்தார்கள். ஐந்து பேரில் லிம்போமா காணாமற்போனது. கீமோ இல்லை, கதிர் இல்லை. கிருமியை அடையாளம் கண்ட ரி கலங்களே புற்றுக் கலங்களைத் தூண்டி வளர்த்திருந்தன. கிருமி போக, தூண்டுதலும் போயிற்று.

இந்த லிம்போமா உள்ள சிலரின் புற்றுக் கலங்களில் 11ஆம், 18ஆம் நிறமூர்த்தங்கள் துண்டுகளை மாற்றிக்கொண்டிருக்கும். அப்போது பிறக்கும் ஒட்டுப்புரதம் என்.எஃப். கப்பா பியைத் தானே இயக்கிக்கொண்டிருக்கும். வெளிச் சமிக்ஞை தேவையில்லை. அன்ரிபயோட்டிக்கும் பெரும்பாலும் பலிக்காது.

ஹொட்ஜ்கின் லிம்போமா என்ற இன்னொரு நிணநீர்ப் புற்றில் கதை தலைகீழ். கணுவில் உண்மையான புற்றுக் கலம் பெரும்பாலும் நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறாது. மிச்சமெல்லாம் அது சைற்றோகைன் சுரந்து வரவழைத்த கூட்டம். காய்ச்சல், இரவு வியர்வை, மெலிவு எல்லாம் அந்தச் சுரப்புகளின் வேலை. காசநோயும் இதே குறிகளைக் காட்டும். ஆகவே நோவில்லாத நெறி வாரக்கணக்கில் வற்றாமல் இருந்தால், தெல்லிப்பழை வைத்தியசாலையில் புற்றுநோய்ச் சிகிச்சை தொடங்குவதற்கு முன், கூடுமானால் கணுவை முழுதாக எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். மெல்லிய ஊசியில் வருவது அந்தக் கூட்டம் மட்டுமாக இருக்கலாம்.