சொல் விளக்கம்: தனியுரிம வடிவம்

'புரொப்பிரைட்டரி ஃபோர்மற்' என்பதைத் தமிழில் பெரும்பாலும் 'தனியுரிம வடிவம்' என்று எழுதுகிறோம். பாட்டுக்கோப்புகளைப் பொறுத்தவரை, ஒலியைச் சுருக்கிக் கோப்பாக்கும் முறை ஒருவருக்குச் சொந்தம் என்பது இதன் பொருள். அவருடைய அனுமதியில்லாமல் அதை வைத்து மென்பொருளோ கருவியோ செய்ய முடியாது. எதிர்ச்சொல் 'திறந்த வடிவம்'.

ஆங்கிலச் சொல்லின் வேர், 'தனக்குரிய' என்று பொருள்படும் இலத்தீன் 'புரொப்ரியுஸ்'. சொத்தைக் குறிக்கும் 'புரொப்பட்டி'யும் அதே வேரில் முளைத்ததுதான். அந்தச் சொத்துக்குக் காவல் நிற்கும் 'பேற்றன்ற்' (காப்புரிமை) என்ற சொல்லின் வேருக்கோ 'திறந்திருத்தல்' என்று பொருள்! எவரும் வாசிக்கத்தக்கதாக, மடித்து மூடாமல் அரசர் வழங்கிய கடிதத்தின் பெயர் அது.

எம்பி3 தனியுரிம வடிவத்துக்கும் திறந்த வடிவத்துக்கும் நடுவில் நின்றது. ஜெர்மனியின் பிரவுன்ஹோஃபர் நிறுவனத்தின் பெரும்பங்கோடு உருவாகி, 1993 இல் சர்வதேசத் தரநிலையாக வெளியானது. அதன் விவரக்குறிப்பை யாரும் வாங்கி வாசிக்கலாம். வாசித்ததை வைத்து மென்பொருள் செய்தால்தான் உரிமத்துக்குக் காசு கட்டவேண்டியிருந்தது. 1998 இல் பிரவுன்ஹோஃபர் அப்படி உரிமக் கட்டணம் கேட்டு எழுதியதுதான் கிறிஸ் மொன்ற்கொமறி என்ற மென்பொருளாளரை ஓக் வோர்பிஸ் என்ற திறந்த ஒலி வடிவத்தின் வேலையில் முழுமூச்சாக இறக்கியது. 2002 இல் அதன் 1.0 பதிப்பு வந்தது. கட்டணம் இல்லை, தரத்திலும் குறைவில்லை. இருந்தும் சனம் மாறவில்லை.

ஏன் என்பது ஒரு பருத்தித்துறை மினிபஸ்ஸில் ஏறினால் விளங்கும். சாரதிக்குப் பக்கத்தில் பூட்டியிருக்கும் பாட்டுச் செற்றின் முகப்பில் 'எம்பி3/டபிள்யூஎம்ஏ' என்று அச்சடித்திருக்கும். அப்படியான செற்றில் ஓக் கோப்பு உள்ள பென்டிரைவைச் செருகினால் பிழைச்செய்திகூட வராது. பேசாமல் அடுத்த பாட்டுக்குத் தாவிவிடும். சாரதி பென்னைக் கழற்றிக்கொண்டு கடைக்குப் போய், "தம்பி, இது பாடுதில்லை. எம்பி3யாப் போட்டுத் தா" என்பார். "சரி அண்ணை" என்று கடைப்பெடியனும் மாற்றிக் கொடுப்பான். அந்நாளில் உரிமக் கட்டணம் கட்டியது செற் செய்த கம்பனி. சாரதிக்கு அந்தச் செலவு கண்ணிலேயே படவில்லை. படாத செலவிலிருந்து விடுதலை வாங்கித் தருகிறோம் என்றால் அவர் ஏன் காது கொடுக்கப்போகிறார்? அந்தக் காலத்து ஐபொட்டும் ஓக் பாடவில்லை.

திறந்த வடிவ ஆர்வலர்கள் தொண்டை வறளச் சொல்லியும் நடக்காதது, யாரையும் கேட்காமலே பின்னர் நடந்தது. ஓபஸ் என்ற திறந்த வடிவம் 2012 இல் இணையத் தரநிலையானது. ரொறன்ரோவிலிருந்து மாமி வட்ஸ்அப்பில் அனுப்பும் குரல்செய்தியை ஃபோனின் கோப்புறையில் தேடிப் பாருங்கள், பெயரின் வால் 'ஓபஸ்' என்று முடியும். மாமிக்கு அது தெரியாது, தெரியவேண்டிய அவசியமும் இல்லை.

இதற்கிடையில், 2017 இல் எம்பி3 உரிமத் திட்டமும் முடிவுக்கு வந்தது. காப்புரிமை என்பது யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டம் சொல்லும் முதுசம் (பரம்பரைச் சொத்து) அல்ல, தலைமுறை தலைமுறையாக இறங்குவதற்கு. தவணை முடிந்தால் பொதுவாகிவிடும். ஆகவே எம்பி3ஐ இன்றும் தனியுரிம வடிவம் என்று எழுதுவது பிழை.

சொல்லுக்கு வருவோம். 'பிரைவசி'க்கும் நாம் 'தனியுரிமை' என்றுதான் எழுதுகிறோம். 'தனியுரிமக் கோப்பு' என்று கண்டவர் அதை யாரோ ஒருவரின் அந்தரங்கக் கோப்பு என்று நினைத்தால் அவரில் குற்றமில்லை. ஓர் ஐகாரத்தை நம்பி இரண்டு பொருளைப் பிரித்து வைத்திருப்பது நம்முடைய துணிச்சல். 'மூடிய வடிவம்' என்பாரும் உண்டு, ஆனால் விவரக்குறிப்பு வெளியாகியிருந்த எம்பி3க்கு அது அந்தக் காலத்திலும் பொருந்தியிராது. தமிழ்நாட்டார் 'அறிவுசார் சொத்து' என்பதை நாம் 'புலமைச் சொத்து' என்கிறோம். அதை ஒட்டிச் 'சொத்து வடிவம்' என்று ஆக்கலாம்தான், காதுக்கு ஒட்டவில்லை.

என் தெரிவு 'உடைமை வடிவம்'. இலத்தீன் வேரின் பொருளோடு இசைகிறது. 'அன்புடைமை', 'அடக்கமுடைமை' என்று குறள் அதிகாரங்களில் பழகிய சொல். 'உரிமம்' என்பதும் லைசன்ஸுக்கு மட்டும் என்று விடுபடுகிறது. எழுதும்போது இப்படி வரும்: டபிள்யூஎம்ஏ மைக்ரோசொஃப்டின் உடைமை வடிவம், ஃபிளாக், வோர்பிஸ், ஓபஸ் திறந்த வடிவங்கள், எம்பி3 முன்பு காப்புரிமைக்கு உட்பட்டிருந்த தரநிலை.