அபிஸ்கோவின் மேகமில்லாத வானம்

"துருவ ஒளியைப் பார்க்க ஸ்வீடனில் அபிஸ்கோவுக்குத்தான் போக வேண்டும் என்கிறார்களே, அங்கே மட்டும் ஒளி அதிகமாகத் தோன்றுமா?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

தோன்றாது. சூரியனிலிருந்து வரும் மின்னேற்றத் துகள்கள், அவற்றைத் துருவப் பக்கம் திருப்பிவிடும் பூமியின் காந்தப்புலம், மோதலில் பச்சையாக ஒளிரும் ஆக்சிஜன் அணுக்கள் எல்லாம் பள்ளிப் பாடத்தில் வந்தவைதான். இந்த ஒளி தரையிலிருந்து 100 கிலோமீட்டருக்கு மேலே உண்டாகிறது. நார்வேயின் நார்விக் நகருக்கு மேலேயும் அதே ஒளிதான். வேறுபாடு அதற்குக் கீழே, மேகங்களில் இருக்கிறது.

அபிஸ்கோ, சுமார் 70 கிலோமீட்டர் நீளமுள்ள டோர்னேத்ரெஸ்க் ஏரியின் தென்கரையில், ஆர்க்டிக் வட்டத்துக்கு 200 கிலோமீட்டர் வடக்கே இருக்கும் சிற்றூர். தனி நகராட்சி கிடையாது. கிருணா நகராட்சிக்குள் அடங்கியது. இங்கே ஆண்டுக்குச் சுமார் 300 மில்லிமீட்டர்தான் மழையும் பனியும். ரயிலில் சிறிது தூரம் மேற்கே போனால், நார்வே எல்லையில், இதைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு கொட்டுகிறது.

காரணம் நடுவிலுள்ள மலைத்தொடர். தென்மேற்குப் பருவக்காற்றின் ஈரத்தை மேற்குத் தொடர்ச்சி மலை கேரளப் பக்கத்திலேயே கறந்துவிடுவதைப் போன்றதுதான். ஆனால் "மழை மறைவுப் பிரதேசம்" என்று சொல்லிவிட்டு நகர எனக்கு மனம் வரவில்லை. அழகே அதற்குள்தான் இருக்கிறது.

அட்லாண்டிக்கிலிருந்து வரும் ஈரக்காற்று மலையேறும்போது அழுத்தம் குறைந்து விரிகிறது, விரிவதால் குளிர்கிறது. உலர்ந்த காற்றாக இருந்தால் கிலோமீட்டருக்குச் சுமார் 10 டிகிரி குளிரும். ஈரம் நிறைந்த காற்றோ ஏறக்குறைய 7 டிகிரிதான் குளிர்கிறது. நீராவி துளியாக மாறும்போது, தான் ஆவியானபோது வாங்கிவைத்திருந்த உள்ளுறை வெப்பத்தைக் காற்றுக்கே திருப்பிக் கொடுத்துவிடுகிறது. பிறகு நீர் பனியாக மலைமேல் விழுகிறது. வெப்பம் காற்றிலேயே தங்கிவிடுகிறது. மறுபக்கம் இறங்கும்போது காற்று உலர்ந்திருப்பதால் கிலோமீட்டருக்கு 10 டிகிரி சூடேறுகிறது. பூஜ்ய டிகிரியில் ஏறத் தொடங்கிய காற்று ஒரு கிலோமீட்டர் ஏறி இறங்கினால் 3 டிகிரியாக வந்து சேரும்! ஏறிய உயரமும் இறங்கிய உயரமும் ஒன்றுதான். நீர் மட்டும் கைமாறியிருக்கிறது. சூடான காற்றில் அதிக நீராவி அடங்கும். ஆகவே மலையைத் தாண்டி வரும் மேகத்தின் துளிகள் இறங்க இறங்க ஆவியாகி மறைகின்றன. அபிஸ்கோவின் மேல் வானம் திறக்கிறது.

சுற்றுலா விளம்பரங்கள் இதை விளங்காத மர்மமாகக் காட்டுவது எனக்குப் பிடிக்கவில்லை. விளக்கம் தெரிந்த பிறகு அந்த வானம் இன்னும் அழகாகத்தான் தெரிகிறது.

இந்த ஊரில் 1913 முதல் ஓர் ஆய்வு நிலையம் வானிலையை அளந்துவருகிறது. 2006 வரையான பதிவுகளிலிருந்து, இங்கு சராசரி வெப்பநிலை சுமார் 2.5 டிகிரி உயர்ந்து உறைநிலையைத் தாண்டிவிட்டது தெரியவந்தது. பனிப்போர்வை மெல்லியதாக இருந்ததால் குளிர்காலக் குளிர் மண்ணுக்குள் இறங்கியது; அதனால் சதுப்பு நிலத்துக்கு அடியில் ஆண்டு முழுவதும் உறைந்தே கிடந்த உறைமண்ணும் இப்போது இளகுகிறது. தினமும் ஒருவர் போய் அளவுகோலைப் பார்த்து எழுதும் வேலைக்கு நிதி கேட்டால் உலகெங்கும் முகம் சுளிக்கிறார்கள். புதிய கண்டுபிடிப்பு எங்கே என்கிறார்கள். விடாமல் எழுதிய அந்த நூறாண்டு எண்கள் இல்லாவிட்டால் மாற்றத்தை எதனோடு ஒப்பிடுவது?

வாசகர் பயணத் திட்டத்தில் இருந்தால் ஒன்று சொல்ல வேண்டும். மலை காவல் காப்பது மேற்குக் காற்றிடமிருந்து மட்டுமே. கிழக்கிலிருந்து ஈரக்காற்று வந்தால், அது அபிஸ்கோ பக்கமே மலையேறும். மேகமும் அங்கேயே திரளும். அதனால் துருவ ஒளி முன்னறிவிப்போடு காற்றின் திசையையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஓரிரு இரவுகள் கூடுதலாகத் தங்கவும் இடம் வைத்துக்கொள்ளுங்கள்.