லெவாதா: மதெய்ராவின் மலைவாய்க்கால்

அட்லாண்டிக் கடலில் உள்ள போர்த்துக்கல்லின் மதெய்ரா தீவுக்கு நடைபயணம் போகிறவர்கள் முதல் நாளே கேட்கும் சொல் ‘லெவாதா’. ஆங்கில எழுத்தைப் பார்த்து நம்மவர்கள் ‘லெவாடா’ என்று எழுதிவிடுகிறார்கள். போர்த்துக்கீசியத்தில் அது நாக்கு பல்லில் படும் ‘த’. ‘பாத்ரெ’ நம்மிடம் பாதிரிதான் ஆனார், பாடிரி ஆகவில்லை.

வேர், ‘லெவார்’ என்ற வினை: எடுத்துச் செல்லுதல். அதன் லத்தீன் மூலத்துக்குத் தூக்குதல் என்று பொருள். எடுத்துச் செல்லப்படுவது தண்ணீர். 15ஆம் நூற்றாண்டில் இங்கே குடியேறிய போர்த்துக்கீசியர் கரும்பு போட்டார்கள். ஈரக்காற்று வடக்குச் சரிவிலேயே மழையைக் கொட்டிவிடும். வெயிலும் விளைநிலமும் தெற்கில். நடுவே 1,862 மீட்டர் வரை எழும் எரிமலைப் பாறை. அதன் இடுப்பைச் சுற்றி வெட்டியும் குடைந்தும் தண்ணீரைத் தெற்கே கொண்டுபோனார்கள்.

தமிழில் சிலர் ‘கால்வாய் நடை’ என்கிறார்கள், பொருந்தவில்லை. கால்வாய் என்றால் அணையிலிருந்து புறப்படும் பெரிய நீர்வழிதான் நினைவுக்கு வரும். லெவாதாவோ பல இடங்களில் ஒரே எட்டில் தாண்டிவிடக்கூடியது. வாய்க்கால் என்பதே சரி. வயல்காட்டு வாய்க்காலிலிருந்து பிரித்துக் காட்ட ‘மலைவாய்க்கால்’ எனலாம். முறைவைத்து, மணிக்கணக்குப் பார்த்துத் தண்ணீரைத் திருப்பிவிடும் ஆள் அங்கே ‘லெவாதெய்ரு’. நம் ஊரில் நீர்கட்டி, நீர்பாய்ச்சி என்று பெயர் வைத்து அழைக்கும் அதே வேலை.

நடப்பது அந்த ஆளுக்காகப் போட்ட கரையில்தான். பொருள் புரிந்தால் பாதையும் புரியும். தண்ணீர் மெல்ல ஓடவேண்டும் என்பதால் ஏற்ற இறக்கம் மிகக் குறைவு. சந்தானா ஊருக்கு மேலே கெய்மாதாஸிலிருந்து ‘கல்தெய்ராவ் வெர்தெ’ (பச்சைக் கொப்பரை) அருவிக்குப் போய்வர ஏறத்தாழ 13 கிலோமீட்டர், மூச்சு வாங்காது. ஆனால் கரை சில இடங்களில் இரண்டு பாதம் வைக்கும் அகலம்தான், மறுபக்கம் பள்ளத்தாக்கு. கம்பி வேலி எங்கும் இருக்கும் என்று நம்பவேண்டாம். எதிரே ஆள் வந்தால் ஒருவர் வாய்க்காலைத் தாண்டி மலைப்பக்கம் ஒதுங்கவேண்டும்; பள்ளத்துப் பக்கம் ஒதுங்குவதுதான் விபத்து. உயரம் கண்டால் தலைசுற்றுபவர்களுக்கு இது எளிய பாதையே அல்ல.

குகைவழிகளில் தலைவிளக்கு கட்டாயம். கைப்பேசி வெளிச்சம் போதாது என்பதைவிட, கை காலியாக இருக்கவேண்டும் என்பதே காரணம்: கூரை தாழ்வு, ஒரு கை பாறையைத் தடவிக்கொண்டே வரவேண்டும். தரை சேறு. பாசி பிடித்த சிமெண்ட் விளிம்பில் தேய்ந்த அடிப்பாகக் காலணி வழுக்கும்.

1999இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த, என்றும் பசுமையான லாரல் மரக்காடு இந்தப் பாதையின் இரு பக்கமும். இந்தத் தீவுக்கு மட்டுமே உரிய த்ரொகாஸ் புறாவைப் பெரும்பாலும் கண்ணைவிடக் காதுதான் முதலில் பிடிக்கும்: மேலே கனி தின்றுகொண்டிருந்தது சடசடவென்று இறக்கை அடித்து எழும். நின்று பார்க்கலாம், அண்ணாந்தபடி நடக்கக் கூடாது. பனிமூட்டத்தில் திசை தவறினால் நீரோட்டத்தைப் பாருங்கள். கல்தெய்ராவ் வெர்தெ பாதையில் ஓட்டத்தை எதிர்த்து நடந்தால் அருவி, கூடவே நடந்தால் கெய்மாதாஸ். கனமழைக்குப் பிறகு மண்சரிவால் பாதைகளை மூடுவது வழக்கம். கிளம்பும் நாள் காலையில் திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டே போகவேண்டும்.