கண்டாங்கிக்குக் குறியீடு கிடைத்துவிட்டது. நெசவாளருக்குப் பாக்கி இருக்கும் ஒரு படி

காரைக்குடி கண்டாங்கிச் சேலைக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அத்தோடு வேலை முடிந்துவிட்டதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் தறியில் உட்கார்ந்து நெய்பவர் அந்தக் குறியீட்டைப் பயன்படுத்தும் உரிமையைத் தன் பெயரில் பெறுவதற்கு இன்னும் ஒரு படி இருக்கிறது. செலவு குறைவு, பலன் பெரிது.

முதலில் குறியீடு என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். ஒரு பொருளின் தரமோ பெயரோ அது உருவாகும் ஊரால்தான் வந்தது என்றால், அந்தப் பெயரைக் காக்க 1999-இல் ஒரு சட்டம் இயற்றினார்கள். 2003 செப்டம்பர் 15 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. நாடு முழுவதற்குமான பதிவகம் சென்னை கிண்டியில் இருப்பது நமக்கு வசதி.

தனி வியாபாரி யாரும் இந்தக் குறியீட்டைத் தனக்கென்று வாங்கிவிட முடியாது. உற்பத்தியாளர்களின் சங்கமோ, அவர்கள் நலனுக்காகச் செயல்படும் அமைப்போதான் விண்ணப்பிக்கலாம். பதிவான பிறகும் அதை விற்க முடியாது, அடகு வைக்க முடியாது, குத்தகைக்கும் விட முடியாது. ஊர்ப் பொதுச்சொத்து மாதிரிதான். இந்தச் சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

சரி, நெய்பவருக்கு என்ன? அவர் ‘அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்’ என்று தனியாகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். அப்போதுதான் தன் சேலையில் குறியீட்டைப் போடும் உரிமை அவருக்கு வரும். போலியை எதிர்த்து அவரே வழக்கும் போடலாம். இதற்கான படிவம் ஜிஐ-3. முன்பு 500 ரூபாயாக இருந்த கட்டணத்தை 2020 திருத்தத்தில் 10 ரூபாயாகக் குறைத்துவிட்டார்கள். படிவத்தின் நகல் ஒன்றைக் குறியீட்டைப் பதிவு செய்த அமைப்புக்கும் அனுப்ப வேண்டும். பயனாளர் இறந்தால் அந்த உரிமை சட்டப்படி வாரிசுக்குப் போகும். அப்பாவின் தறியில் மகள் உட்காரும்போது அப்பாவின் பதிவும் அவளுக்கு வந்து சேரும்.

கண்டாங்கி என்றால் கட்டம் போட்ட பருத்திச் சேலை, அகலமான கரை, அரக்கும் மஞ்சளும் கறுப்பும். அந்தக் கட்டத்தை அப்படியே துணியில் அச்சடித்தும் விற்கிறார்கள். கடையில் சேலையைத் திருப்பிப் பாருங்கள். நெய்த கட்டம் இருபுறமும் ஒரே அழுத்தத்தில் தெரியும், அச்சு பின்பக்கம் வெளிறியிருக்கும். அப்புறம் ஓரத்தைத் தடவுங்கள். நெய்யும்போது துணியை விரித்துப் பிடிக்கும் குச்சியின் முனைகள் பதிந்த சின்னச் சின்ன ஊசித் துளைகள் கைத்தறியில் பெரும்பாலும் இருக்கும். பொய்யாகக் குறியீட்டைப் போட்டு விற்பவருக்கு ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதமும் உண்டு.

குறியீட்டின் பதிவு பத்து ஆண்டுக்குச் செல்லும்; பிறகு புதுப்பிக்க வேண்டும். அந்தப் பத்து ஆண்டு விண்ணப்பித்த தேதியிலிருந்து எண்ணப்படுகிறது, சான்றிதழ் கைக்கு வந்த நாளிலிருந்து அல்ல. சங்கத்தில் இருப்பவர்கள் இந்தத் தேதியைச் சுவரில் எழுதி வைத்தாலும் தகும்.

பனையோலையில் பின்னும் கூடையான செட்டிநாட்டுக் கொட்டானும் குறியீடு பெற்ற பொருள்தான். ஆச்சிமார் கல்யாணச் சீருக்கும் பலகாரத்துக்கும் சாயமேற்றிய ஓலையில் பின்னியது அது. இன்னும் பதிவாகாத கைவேலைகள் நம் ஊர்களில் எத்தனையோ இருக்கின்றன. அவற்றுக்கு விண்ணப்பிக்க நினைப்பவர்கள் எந்தெந்த ஊரில் செய்யப்படுகிறது என்பதை வரைபடத்தோடு காட்ட வேண்டும். செய்முறையை எழுத வேண்டும். தரத்தை யார் சோதிப்பார்கள் என்று சொல்ல வேண்டும். இவற்றோடு, பழமைக்கான ஆதாரமும் தேவை. பழைய கல்யாணப் புகைப்படம், சீர் சாமான் எழுதிய நோட்டு, கடைக் கணக்கு, ரசீது எல்லாம் இதற்கு உதவும். கணக்கு எழுதுவதில் பேர் போன ஊர் நம் செட்டிநாடு. ஆனால் வீட்டைப் பிரித்து விற்கும்போது கதவுக்கும் தூணுக்கும் விலை பேசுகிறார்கள், பெட்டகத்தில் இருக்கும் நோட்டுகள் பழைய பேப்பர் எடைக்குப் போய்விடுகின்றன. அடுத்த முறை பெட்டகத்தைத் திறக்கும்போது, தூக்கிப் போடுவதற்கு முன்னால் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்து வையுங்கள். வீட்டில் எண்பது வயதுக்காரர் யாராவது இருந்தால், பக்கத்தில் உட்காரவைத்து அந்தப் படங்களில் இருப்பவை என்னவென்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.