லோடு வண்டி இன்சூரன்ஸ்: பின்னால் ஏறும் ஆட்களுக்கு கவர் இருக்கிறதா?

தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் (நம் வண்டியால் அடுத்தவருக்கு வரும் பாதிப்புக்கான காப்பீடு) இல்லாத வண்டி ரோட்டுக்கு வரக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். பிடிபட்டால் முதல் தடவை 2,000 ரூபாய், மறுபடி மாட்டினால் 4,000 ரூபாய் அபராதம். மூன்று மாதம் வரை சிறையும் உண்டு. இது எல்லாருக்கும் தெரியும். அதனாலேயே பல கட்டட கான்ட்ராக்டர்கள், போலீஸிடம் காட்ட ஒரு பேப்பர் இருந்தால் சரி என்று ஏஜென்ட் நீட்டியதை வாங்கிக்கொள்கிறார்கள். அதைப் படிப்பது விபத்து நடந்த பிறகுதான்.

பெரிய சிக்கல் பின்னால் ஏறும் ஆட்கள். சென்ட்ரிங் பலகை, கலவை மெஷின், அதன் மேலேயே ஏழெட்டுப் பேர் என்று காலையில் சைட்டுக்குப் போகாத வண்டி குறைவு. சரக்கு வண்டியில் சும்மா ஏறி வருகிறவர்களுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பாகாது என்று உச்ச நீதிமன்றம் எப்போதோ சொல்லிவிட்டது. வண்டி கவிழ்ந்து ஒரு சித்தாள் இறந்தால் நஷ்டஈடு வண்டிக்காரர் தலையில். "என் ஆட்கள்தான், லோடு இறக்க வந்தவர்கள்" என்று வாதாடலாம். மஸ்டர் ரோல் (ஆட்களின் வருகைப் பதிவேடு) எங்கே, சம்பளம் கொடுத்த கணக்கு எங்கே என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பார். இருப்பதெல்லாம் மேஸ்திரியின் பாக்கெட் நோட்டு. கான்ட்ராக்டரிடம் காசு இருக்காது, கம்பெனி கை விரித்துவிடும். இறந்தவர் வீட்டார் வருடக்கணக்கில் கோர்ட் வராந்தாவில் நிற்பார்கள். இப்படி நின்றவர்களைப் பார்த்ததால்தான் இதை எழுதுகிறேன்.

ஆட்களை வேனிலோ பஸ்ஸிலோ அனுப்பிவிடுங்கள். கேபினில் வரும் டிரைவர், கிளீனர், லோடுமேன் ஆகியோரை, ஆர்.சி.யில் உள்ள சீட் கணக்குக்குள், கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்க்கலாம். மொத்த பிரீமியத்தோடு பார்த்தால் அது சில்லறைக் காசு. "அதெல்லாம் உள்ளேயே வந்துரும் சார்" என்பார் ஏஜென்ட். பாலிசியில் பிரீமியம் பிரித்துப் போட்டிருக்கும் கட்டத்தைப் பாருங்கள். டிரைவருக்கு, மற்ற ஆட்களுக்கு என்று தனி வரியும் ஆள் எண்ணிக்கையும் அங்கே இல்லையென்றால் அந்த கவர் இல்லை. உரிமையாளருக்கான 15 லட்சம் விபத்து கவரைக் காட்டிச் சமாளிப்பார்கள். அது லைசென்ஸ் உள்ள உரிமையாளருக்கு மட்டும். சம்பள டிரைவருக்குச் சேராது, வண்டி கம்பெனி பெயரில் இருந்தால் கிடைக்கவும் கிடைக்காது. சைட்டில் சாரத்திலிருந்து விழுகிறவருக்கும் வண்டி பாலிசிக்கும் சம்பந்தமே இல்லை. அதற்குத் தொழிலாளர் இழப்பீட்டு பாலிசி தனியாக எடுக்க வேண்டும்.

அடுத்து, வண்டியை எதற்கு ஓட்டுகிறீர்கள் என்பது. சொந்தச் சரக்கு மட்டும் ஏற்றுவதாக பாலிசி எடுத்துவிட்டு, வேலை இல்லாத நாளில் வாடகைக்கு ஜல்லி அடித்தால், அன்று நடக்கும் விபத்துக்கு கிளெய்ம் போச்சு. வாடகைக்கு விடும் எண்ணம் கொஞ்சம் இருந்தாலும் அப்படியே சொல்லி எடுங்கள். சைட் வண்டிகளுக்கு ஐ.எம்.டி. 23 என்று பாலிசியோடு கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளும் கவரும் அவசியம். பம்பர், விளக்கு, டயர், மட்கார்டு, பெயின்ட் ஆகியவற்றுக்கு அது இல்லாமல், வண்டி மொத்தமாக நொறுங்கினால் தவிர, பணம் தர மாட்டார்கள். செங்கல் குவியலில் ரிவர்ஸ் எடுக்கிற வண்டிக்கு அடிபடுவதே அங்கேதான். வண்டியில் இருக்கும் டிரில், கட்டிங் மெஷின் திருடு போனாலும் வண்டி பாலிசியில் வராது.

கிளெய்ம் மறுப்புக் கடிதங்களில் அடிக்கடி வருவது டிரைவர் லைசென்ஸ். "டிரான்ஸ்போர்ட் வண்டி ஓட்டத் தனி அனுமதி இல்லை" என்று எழுதியிருந்தால் உடனே பயந்துவிடாதீர்கள். மொத்த எடை 7,500 கிலோவுக்குள் உள்ள சரக்கு வண்டியை எல்.எம்.வி. (இலகுரக வண்டி) லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்துவிட்டது. இன்னமும் சில அலுவலகங்களுக்கு அந்தச் செய்தி போய்ச் சேராதது போலவே நடந்துகொள்கிறார்கள். தீர்ப்பைக் குறிப்பிட்டுப் பதில் எழுதுங்கள். ஆனால் எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) முடிந்திருந்தால் பேச்சு எடுபடுவது கஷ்டம். வண்டிக்கு எட்டு வருடம் ஆகும் வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எஃப்.சி. எடுக்க வேண்டும், அப்புறம் வருடாவருடம். 3,000 கிலோவுக்கு மேல் மொத்த எடை என்றால் பெர்மிட்டும் வேண்டும்.

விபத்து நடந்ததும் கம்பெனிக்குத் தகவல் சொல்லுங்கள். சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் பார்க்கும் முன் வண்டியைக் கழற்றாதீர்கள். பிறகு தொடங்கும் அலைச்சல்: இந்தக் காகிதம் இல்லை, அந்த ஆபீசுக்குப் போ, அடுத்த வாரம் வா. ஆவணம் இல்லை என்ற காரணத்துக்காக மட்டும் கிளெய்மை நிராகரிக்கக் கூடாது என்று இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கும் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024-இல் சுற்றறிக்கையே போட்டிருக்கிறது. என்ன வேண்டும் என்பதை எழுத்தில் கேளுங்கள். வாயால் சொன்னதை நம்பி அலைந்தால் நாளைக்கு "நாங்கள் அப்படிச் சொல்லவில்லை" என்பார்கள். எழுத்தில் புகார் கொடுத்து ஒரு மாதம் ஆகியும் பதில் இல்லையா, அல்லது மறுத்துவிட்டார்களா? சென்னையில் இருக்கும் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் (காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் அதிகாரி) ஒரு வருடத்துக்குள் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம்.

பழைய வண்டி வாங்குகிறவர்களுக்கு ஒன்று. ஆர்.சி. பெயர் மாற்றத்தோடு நிற்காமல், 14 நாளுக்குள் பாலிசியையும் உங்கள் பெயருக்கு மாற்ற எழுதிக் கொடுங்கள். விற்றவர் பெயரிலேயே பாலிசி கிடந்தால், உங்கள் வண்டியின் சேதத்துக்கு உங்களுக்கும் பணம் வராது, அவருக்கும் வராது.