வணரித்தண்டு: கிராங்க்ஷாஃப்ட்டுக்கு ஏன் இந்தப் பெயர்?

பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டுக்கு வணரித்தண்டு என்று பெயர். என்ஜின் பிளாக்கின் அடியில் கிடக்கும் இதை ஒர்க்ஷாப்பில் ‘கிராங்க்’ என்றே சொல்வார்கள்.

‘கிராங்க்’ என்பதன் வேர்ப்பொருள் மடங்கியது, முறுகியது என்பதே. பழைய ஆங்கிலத்தில் ஒரு நெசவுக் கருவியின் பெயரில் இது ஒட்டி வந்தது. தமிழில் ‘வணர்’ என்றாலும் வளைவுதான். புறநானூற்றின் 155-ஆம் பாடல் ‘வணர்கோட்டுச் சீறியாழ்’ என்று தொடங்குகிறது: வளைந்த கோடு, அதாவது தண்டு, உடைய சிறிய யாழ். வணரி, வணரித்தண்டு இரண்டும் அந்த வேரிலிருந்து ஆக்கியவை.

சிலர் ‘வளைதண்டு’ என்று எழுதுகிறார்கள். அதைத் தவிர்ப்பது நல்லது. மெக்கானிக் ‘கிராங்க் வளைஞ்சிருக்கு’ என்றால் அது பழுது. வணர்வு பிறவி அமைப்பு. வளைவு பின்னால் வந்த கோளாறு. இரண்டுக்கும் ஒரே சொல் இருந்தால் பழுது பார்ப்பவருக்குக் குழப்பம்தான் மிஞ்சும்.

நான்கு சிலிண்டர் என்ஜினில் பொதுவாக ஐந்து மெயின் ஜர்னல் (பிளாக்கில் உட்கார்ந்து சுழலும் பகுதி), நான்கு கிராங்க்பின் (கனெக்டிங் ராடு மாட்டும் பகுதி). கழற்றும்போது பிளைவீல், டைமிங் பெல்ட் அல்லது செயின், ஆயில் சம்ப், ஆயில் பம்ப், பின் ஆயில் சீல் கூடு ஆகியவற்றை முதலில் எடுக்க வேண்டும். ஜர்னலைப் பிளாக்கோடு பிடித்திருக்கும் மூடிதான் கேப். ஒவ்வொரு கேப்பிலும் எண்ணும் திசைக்குறியும் உண்டா என்று பார்த்து, இல்லையென்றால் குத்திக்கொள்ளுங்கள். கேப்புகளைப் பிளாக்கோடு சேர்த்தே துளைத்திருப்பார்கள். இடம் மாறினால் தண்டு இறுகிவிடும். கனெக்டிங் ராடு போல்ட்டுகளுக்கு ரப்பர் ஹோஸ் துண்டு மாட்டினால் கிராங்க்பின்னில் கீறல் விழாது. மெயின் போல்ட்டுகளை இரு ஓரங்களிலிருந்து நடுவை நோக்கிச் சிறிது சிறிதாகத் தளர்த்த வேண்டும்.

வெளியே எடுத்த தண்டை இரு முனையிலும் வி-பிளாக்கில் தாங்கி, நடு ஜர்னலில் டயல் கேஜ் வைத்துச் சுற்றுங்கள். ஊசி ஆடும் அளவுக்குப் பல சிறு கார்களில் எல்லை 0.06 மி.மீ. தேய்ந்த ஜர்னலை 0.25 அல்லது 0.50 மி.மீ. குறைத்துக் கிரைண்டிங் செய்து, அதே அளவு அண்டர்சைஸ் பேரிங் போடலாம். இங்கேதான் பெரிய தவறு நடக்கிறது. ஜர்னல் பக்கச்சுவரைச் சேரும் மூலையில் சிறு உள்வட்ட வளைவு இருக்கும். கிரைண்டிங் கல் அதைக் கூர்மையாக்கிவிட்டால் அழுத்தம் முழுவதும் அந்த மூலையில் குவிந்து, விரிசல் விட்டு, தண்டு அங்கேயே முறியும். வேலை முடிந்து வரும் தண்டில் முதலில் பார்க்க வேண்டியது இந்த மூலையைத்தான். ஆயில் துளைகளில் தங்கிய கல் தூளைப் பிரஷ் விட்டுக் கழுவாமல் மாட்டினால் புது பேரிங்கும் விரைவில் கெட்டுவிடும்.

மாட்டும்போது பேரிங்கின் முதுகு உலர்ந்திருக்க வேண்டும். ஆயில் முகத்தில் மட்டும். தண்டு முன்பின் நகராமல் தடுக்கும் த்ரஸ்ட் வாஷரின் ஆயில் பள்ளம் தண்டின் பக்கச்சுவரைப் பார்த்திருக்கட்டும். ஜர்னலுக்கும் பேரிங்குக்கும் உள்ள இடைவெளியைப் பிளாஸ்டிகேஜ் என்ற நசுங்கும் இழையால் அளக்கும்போது தண்டைச் சுற்றக் கூடாது. இழை சிதைந்து அளவு பொய்யாகும். மெயின் போல்ட்டுகளின் முறுக்கு அளவு மேனுவலில் உள்ளபடி, நடுவிலிருந்து ஓரத்துக்கு, இரண்டு மூன்று சுற்றாக. ஒவ்வொரு கேப்புக்குப் பிறகும் தண்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். எந்தக் கேப்பில் இறுகுகிறதோ அங்கேதான் கோளாறு. முதல் ஸ்டார்ட்டுக்கு முன், என்ஜின் பற்றாதபடி செய்து, ஆயில் விளக்கு அணையும்வரை ஸ்டார்ட்டரை விட்டுவிட்டுச் சுற்ற வேண்டும்.